டெங்கு என்று வந்த காய்ச்சல்: ஏழு வயதுச் சிறுமிக்கு ஸ்க்ரப் டைஃபஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வட தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள மருத்துவமனை. நவம்பர் கடைசி வாரம். பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. குழந்தைகள் வார்டில் பாதிக் கட்டில்களில் டெங்கு. குழந்தையும் குடும்பமும் அடையாளம் தெரியாதபடி விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

சிறுமிக்கு வயது ஏழு, எடை 20 கிலோ. முன்பு பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. தடுப்பூசிகள் அட்டவணைப்படி போடப்பட்டிருந்தன. வீடு ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறது. பின்கட்டில் விறகு அடுக்கு, அதைத் தாண்டினால் புதரும் வேலிக்கருவையும். பாட்டி ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும்போது பேத்தியும் கூடப் போவாள். இந்தக் கடைசி விவரம் காய்ச்சலின் ஏழாம் நாள் இரவுவரை எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது பலரும் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது, ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவால் வருகிறது. புதரிலும் புல்லிலும் வாழும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது இது உடலில் ஏறுகிறது. புழுவின் அளவு 0.2 மி.மீ. அளவே, கடிப்பது தெரியாது, வலிக்காது. கடித்த 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் மழையும் அதையடுத்த குளிரும்தான் இதன் காலம். டெங்கு உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில் இதுவும் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

## முதல் ஐந்து நாள்

முதல் நாள் மாலை காய்ச்சலும் தலைவலியும். மருந்துக்கடையில் வாங்கிய பாராசிட்டமால் சிரப், வேளைக்கு 5 மி.லி. (250 மி.கி.), ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 20 கிலோவுக்கு இந்த அளவு சரியானதே. காய்ச்சல் இரண்டு மணி நேரம் இறங்கி மறுபடி ஏறியது.

மூன்றாம் நாள் ஒரு தனியார் கிளினிக். வலப்பக்கக் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைப் பார்த்து, தொண்டைத் தொற்று என்று அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும், காய்ச்சலுக்கு மெஃபனமிக் அமிலமும் எழுதினார்கள். தொண்டை சிவந்திருந்ததா என்பது சீட்டில் இல்லை. அமாக்ஸிசிலின் ஓரியன்ஷியாவை ஒன்றும் செய்யாது. டெங்கு பரவும் மாதத்தில் மெஃபனமிக் அமிலம் தவிர்க்க வேண்டியது. ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அன்றைய ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 6,400, பிளேட்லெட் 1.4 லட்சம், ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, சதவீதத்தில்) 35. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ்.

ஐந்தாம் நாள் பிளேட்லெட் 92,000. திரும்ப எடுத்த டெங்கு கார்டு பரிசோதனையில் என்.எஸ்.1 இல்லை; எதிர்ப்புரதங்களில், பழைய தொற்றைக் காட்டக்கூடிய ஐ.ஜி.ஜி. தெளிவான கோடு, அண்மைத் தொற்றைக் காட்டக்கூடிய ஐ.ஜி.எம். மங்கலான கோடு. ஆய்வகம் "டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ்" என்று அச்சிட்டுக் கொடுத்தது. கோடு மங்கலாக இருந்ததை யாரோ பேனாவால் ஓரத்தில் குறித்திருந்தார்கள். அடுத்த சீட்டுக்கு அந்தக் குறிப்பு போகவில்லை.

## ஆறாம் நாள்: திரவம்

அருகிலுள்ள மருத்துவமனை ஒன்றில் "எச்சரிக்கை அறிகுறிகளுடன் டெங்கு" என்று சேர்த்தார்கள். வயிற்று வலியும் இரண்டு முறை வாந்தியும் இருந்ததால் அப்படி வகைப்படுத்தியதில் பிழையில்லை. நார்மல் சலைன் கிலோவுக்கு மணிக்கு 5 மி.லி., அதாவது மணிக்கு 100 மி.லி. ஆரம்பித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான வேகம். பிறகு கிலோவுக்கு 3 முதல் 5 மி.லி. என்று இரண்டிலிருந்து நான்கு மணி நேரம், அதன்பின் 2 முதல் 3 மி.லி. என்று ஹெமட்டோக்ரிட்டையும் சிறுநீரையும் பார்த்து இறக்கிக்கொண்டே வரவேண்டும்.

இந்தக் குழந்தைக்கு 24 மணி நேரமும் 100 மி.லி.யே ஓடியது. மொத்தம் 2,400 மி.லி. ஒழுங்காக இறக்கியிருந்தால், இரண்டு மணி நேரம் 5, நான்கு மணி நேரம் 3, மீதிப் பதினெட்டு மணி நேரம் 2 என்று வைத்தால், 1,160 மி.லி. வரும். இந்த எடைக்கு ஒரு நாளின் சாதாரணத் தேவையே 1,500 மி.லி.தான். வாய்வழி குடித்த இளநீரும் கஞ்சியும் கணக்கில் சேரவில்லை. வேகத்தை யாரும் வேண்டுமென்று அதே அளவில் வைக்கவில்லை. இரவு ஷிஃப்ட் மாறும்போது திருத்தி எழுதப்படாத ஆணை அப்படியே தொடர்ந்தது.

அந்த 24 மணி நேரத்தில் ஹெமட்டோக்ரிட் 35, 34, 33. மூன்று எண்களும் கேஸ் ஷீட்டில் இருக்கின்றன. ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசியும் டெங்குவில் இது ஏறவேண்டும். 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமானது என்று பொருள். இங்கே ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

## ஏழாம் நாள் இரவு: சேர்க்கை

அங்கிருந்து மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்கு வந்தபோது காய்ச்சல் 39.6 டிகிரி செல்சியஸ். மூச்சு நிமிடத்துக்கு 46, நாடி 138, ரத்த அழுத்தம் 92/54. வெளிக்காற்றைச் சுவாசிக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91 சதவீதம். கண் இமைகள் வீங்கியிருந்தன, வயிறு உப்பியிருந்தது. இரு நுரையீரல்களின் அடியிலும் கரகரப்பு. கல்லீரல் விலாவுக்குக் கீழே 4 செ.மீ., மண்ணீரல் 2 செ.மீ. எடை 21.6 கிலோ. கழுத்து விறைப்பு இல்லை. கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னாள்.

பிளேட்லெட் 48,000. வெள்ளை அணு 11,800, அதில் நியூட்ரோஃபில் 74 சதவீதம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 96 மி.கி. சோடியம் 129, ஆல்புமின் 2.5, கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 148, எஸ்.ஜி.பி.டி. 112. மார்பு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் மங்கல், வலப்பக்கம் சிறிது நீர். கூட வந்த அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் பித்தப்பைச் சுவர் வீக்கமும் வயிற்றில் நீரும் குறிப்பிட்டு, "டெங்குவுக்குப் பொருந்துகிறது" என்று முடித்திருந்தார்கள். பொருந்தத்தான் செய்யும். ரத்தக்குழாய் கசியும் எந்த நோயிலும் பித்தப்பைச் சுவர் வீங்கும். ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் டெங்கு என்று எழுதியிருந்தால் அறிக்கையும் டெங்கு என்றுதான் திரும்பி வரும்.

## எது இடித்தது

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. பிளேட்லெட் குறைவதும் கசிவும் அப்போதுதான் உச்சம். 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு தானே நின்றுவிடும். இங்கே ஏழாம் நாளிலும் காய்ச்சல் 39.6-இல் நிற்க, பிளேட்லெட் சரிந்துகொண்டிருந்தது. டெங்குவில் வெள்ளை அணு குறைவதே வழக்கம்; இங்கே ஏறியிருந்தது. ஹெமட்டோக்ரிட் ஏறாததைச் சேர்த்துப் பார்த்தால், நோயறிதலில் மிஞ்சி நின்றது அந்த மங்கலான கோடு ஒன்றுதான்.

அந்தக் கோட்டின் மதிப்பு என்ன? டெங்கு ஐ.ஜி.எம். தொற்று வந்து மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கக்கூடும். வேறு தொற்றுகளில் பொய்யாகவும் காட்டும். ஐ.ஜி.ஜி. தெளிவாக இருந்தது முன்பு எப்போதோ டெங்கு வந்துபோனதைக் காட்டலாம். டெங்கு ஆண்டுதோறும் வரும் மாவட்டத்தில் அப்படிப்பட்ட குழந்தைகள் குறைவில்லை. என்.எஸ்.1 மூன்றாம் நாள் இல்லாதது மட்டும் டெங்குவை விலக்காது, ஏனெனில் இரண்டாம் முறைத் தொற்றில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைவு. ஆக, கார்டு டெங்குவை உறுதிசெய்யவும் இல்லை, விலக்கவும் இல்லை.

மற்றவற்றையும் வரிசையாகப் பார்த்தார்கள். மலேரியாவுக்கு ரத்தப் பூச்சும் ஆன்டிஜன் பரிசோதனையும்: இரண்டும் நெகட்டிவ். டைஃபாய்டுக்கு ரத்தக் கல்ச்சர் அனுப்பப்பட்டது. ஒற்றை விடால் பரிசோதனையை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை என்பதால் அது கேட்கப்படவில்லை. குழந்தைகளின் ரத்தக்குழாய் அழற்சியான கவாசாகி நோய்க்குரிய உதடு, நாக்கு, கை கால் மாற்றங்கள் இல்லை. ரத்தப் பூச்சில் இளம் புற்று அணுக்கள் இல்லை. அழற்சி மிதமிஞ்சும்போது எகிறும் ஃபெரிட்டின் 900-ஐத் தாண்டவில்லை.

## கரும்புண்

ஸ்க்ரப் டைஃபஸில் உண்ணி கடித்த இடத்தில் வரும் கறுப்புப் பொருக்குப் புண்தான் கரும்புண். அதைத் தேட வார்டில் கடைப்பிடிக்கும் முறை இது: ஐந்து நாளுக்கு மேலான காய்ச்சல் என்றால் உடைகளை முழுக்க அகற்றி, டார்ச் விளக்குடன் தலை முதல் கால்வரை தோலைத் தேடுவது. அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்ட மடிப்பு, தொப்புள், இடுப்பில் அரைஞாண் பதியும் வரி, காதின் பின்புறம், தலைமுடிக்குள். பெண் குழந்தையென்றால் தாயை அருகில் வைத்து, திரை போட்டு, பெண் செவிலியர் துணையுடன் பார்க்கவேண்டும். கூச்சத்தால் தவிர்க்கப்படும் இடங்களில்தான் இந்தப் பூச்சி அதிகம் கடிக்கிறது.

இங்கே தேடலுக்கு ஒரு திசை முன்பே இருந்தது. நெறி கட்டியிருந்தது வலப்பக்கம் மட்டும், அதுவும் காதுக்குப் பின்னாலும் பின்கழுத்திலும். தொட்டால் வலித்தது. தொண்டையோ இப்போது சிவந்திருக்கவில்லை. தொண்டைத் தொற்றுக்கு நெறி பெரும்பாலும் தாடைக் கோணத்தின் கீழே, முன்பக்கம் கட்டும். பின்கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் கட்டினால் அது உச்சந்தலைக்கும் காதின் பின்புறத்துக்கும் கைகாட்டுகிறது.

இரட்டைப் பின்னல், எண்ணெய் தடவி இழுத்துக் கட்டியது, ஆறு நாளாக அவிழ்க்கவில்லை. வலப்பின்னலை அவிழ்த்து முடியை வரிவரியாகப் பிரித்தபோது, காதுக்கு மேலே முடி தொடங்கும் இடத்தில் மஞ்சள் காய்ந்து ஒட்டிய பொருக்கு தெரிந்தது. சலைனில் நனைத்த பஞ்சால் மஞ்சளைத் துடைத்தார்கள். அடியில் 6 மி.மீ. வட்டத்தில் கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த விளிம்பு. சிகரெட்டால் சுட்டதுபோல் இருந்தது. அழுத்தினாலும் குழந்தை முகம் சுளிக்கவில்லை.

"எத்தனை நாளா இருக்கும்மா இது?"

"காய்ச்சலுக்கு முன்னாடியே இருந்துச்சுங்க டாக்டர். பேன் கடிச்சுச் சொறிஞ்ச புண்ணுன்னு மஞ்சள் வெச்சேன்."

தாய் மறைக்கவில்லை, அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்டுத் தழை பற்றியும் இந்தப் பேச்சில்தான் வந்தது.

## எடுத்த முடிவுகள்

ஆன்டிபயாடிக். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே டாக்சிசைக்ளின். 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 4.5 மி.கி., இரண்டு வேளையாக. 20 கிலோவுக்கு வேளைக்கு 45 மி.கி. வீங்கிய எடையான 21.6-ஐ வைத்துக் கணக்கிடவில்லை. வாந்தி இருந்ததால் முதல் மூன்று வேளை ஊசியாக, 50 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செலுத்தப்பட்டது. பிறகு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின், நிறையத் தண்ணீருடன். விழுங்கியதும் படுக்கவிடக்கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கும். டைஃபாய்டும் பிற பாக்டீரியாத் தொற்றும் விலகும்வரை செஃப்ட்ரையாக்சோனும் சேர்த்தார்கள்.

அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பதா என்று விவாதம் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தவர்களுக்கு மோசமான விளைவு 33 சதவீதம்; டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களுக்கு 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களுக்கு 48. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 15 வயதும் அதற்கு மேலும். ஏழு வயதுக்கு அந்த எண்களை அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. மேலும் இந்த மூச்சுத்திணறலில் எவ்வளவு நோய், எவ்வளவு சலைன் என்பது பிரித்தறிய முடியாமல் இருந்தது. எனவே டாக்சிசைக்ளினோடு தொடங்கி, 24 மணி நேரத்தில் மூச்சு மோசமானால் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை (இந்த மருந்து நீட்டிவிடக்கூடிய இதயத் துடிப்பின் ஒரு பகுதி) பார்த்துவிட்டு அசித்ரோமைசினைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. இதில் வேறு முடிவு எடுப்பவர்களும் இருப்பார்கள், அதுவும் நியாயமே.

திரவம். சலைன் அன்றிரவே நிறுத்தப்பட்டது. வாய்வழியும் மருந்துவழியும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 மி.லி., வழக்கமான தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. கைகால் வெதுவெதுப்பாக, ரத்த அழுத்தம் நிலையாக இருந்ததை உறுதிசெய்தபின் சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைட் கிலோவுக்கு 0.5 மி.கி. ஒரே ஒருமுறை. ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு இதைச் செய்யக்கூடாது.

நோயின் இயல்பும் இதற்குக் காரணம். ஓரியன்ஷியா ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களுக்குள்ளேயே வளர்கிறது. டெங்குக் கசிவு தானாக நிற்கும். அதுவரை திரவத்தால் தாங்கிப் பிடித்தால் போதும். ஸ்க்ரப் டைஃபஸில் பாக்டீரியா அடங்கும்வரை கசிவு நிற்காது. ஊற்ற ஊற்ற நுரையீரலுக்குத்தான் போகும்.

மூச்சு. மூக்குவழி உயர்வேக ஆக்சிஜன், நிமிடத்துக்கு 30 லிட்டர், ஆக்சிஜன் செறிவு 40 சதவீதம்.

பிளேட்லெட். ஏற்றவில்லை. ரத்தக்கசிவு எதுவும் இல்லாதபோது 48,000 என்ற எண்ணுக்காக மட்டும் ஏற்றுவதில் பயனில்லை. அது மேலும் 100 மி.லி.க்கு மேல் திரவம். குடும்பத்தார் ரத்த தானத்துக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள், பப்பாளி இலைச் சாறும் கையோடு இருந்தது. ஏற்றாததற்குக் காரணத்தை இரண்டு முறை உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது.

பல் பற்றிய பயம். மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் தந்தை, எட்டு வயதுக்குக் கீழே இந்த மருந்து பல்லைக் கறையாக்கும் என்று மருந்தாளுநர் சொன்னதாகக் கேட்டார். பழைய டெட்ராசைக்ளினைப் பற்றிய எச்சரிக்கை அது. டாக்சிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு அவ்வளவாகப் பிணைவதில்லை. அமெரிக்கப் பூர்வகுடிப் பகுதி ஒன்றில், எட்டு வயதுக்குமுன் இதைப் பெற்ற 58 குழந்தைகளின் நிரந்தரப் பற்களை, பெறாத 213 குழந்தைகளின் பற்களோடு ஒப்பிட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வில் கறை எதுவும் காணப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018 முதல் 21 நாள்வரையிலான சிகிச்சைக்கு வயது வரம்பை எடுத்துவிட்டது. தந்தையிடம் சுருக்கமாகச் சொன்னது: சில நாள் மருந்தால் பல்லுக்குக் கேடில்லை, மருந்தைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே கேடு.

## தொடர்ந்து நடந்தவை

முதல் வேளைக்குப் பின் 30-ஆம் மணி நேரத்தில் காய்ச்சல் 37.4-க்கு இறங்கியது, மறுபடி ஏறவில்லை. ஸ்க்ரப் டைஃபஸில் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் விடும். விடாவிட்டால் நோயறிதலைத் திரும்பப் பார்க்கவேண்டும். பிளேட்லெட் எட்டாம் நாள் 41,000 வரை போய், பத்தாம் நாள் 78,000, பன்னிரண்டாம் நாள் 1.7 லட்சம். எடை மூன்று நாளில் 20.1. உயர்வேக ஆக்சிஜன் ஒன்பதாம் நாள் கழற்றப்பட்டது. அசித்ரோமைசின் தேவைப்படவில்லை. கல்ச்சரில் 48 மணி நேரம் எதுவும் வளராததால் செஃப்ட்ரையாக்சோன் நிறுத்தப்பட்டது. டாக்சிசைக்ளின் மொத்தம் ஏழு நாள்.

ஆய்வக முடிவுகள் பிறகுதான் வந்தன. ஏழாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் ஐ.ஜி.எம். எலைசா 0.42, அந்த ஆய்வகத்தின் வெட்டுப்புள்ளி 0.5. அதாவது நெகட்டிவ். பதினான்காம் நாள் ரத்தத்தில் 1.9. முதல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் மருந்து ஆரம்பித்திருக்கவே மாட்டார்கள். கரும்புண்ணின் பொருக்கை மருந்துக்கு முன்பே உலர்ந்த மூடிபோட்ட குப்பியில் அனுப்பியிருந்தார்கள், அதில் பி.சி.ஆர். பாசிட்டிவ். ஆறாம் நாள் முந்தைய மருத்துவமனையில் எடுத்த வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய எதிர்ப்புரதப் பரிசோதனையில், ஸ்க்ரப் டைஃபஸுக்குரிய ஓ.எக்ஸ்.கே. அளவு 1:80 மட்டுமே இருந்தது. இந்தப் பரிசோதனை பெரும்பகுதி நோயாளிகளைத் தவறவிடும். டெங்கு ஐ.ஜி.எம். எலைசா எட்டாம் நாளும் பதினான்காம் நாளும் நெகட்டிவ்.

வீட்டில் ஐந்து வயதுத் தம்பிக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று பதினொன்றாம் நாள் தெரியவந்தது. வரவழைத்துப் பார்த்ததில் இடது அக்குளில் புண். அக்குள் போன்ற ஈரமான மடிப்பில் பல நேரம் கறுப்புப் பொருக்கு உருவாகாது; ஆழமில்லாத, மஞ்சள் நிறம் படிந்த பள்ளமாக இருக்கலாம். கறுப்பைத் தேடுபவர் கண்ணுக்கு அது படாது. வெளிநோயாளியாகவே டாக்சிசைக்ளின் கொடுத்து, மூன்றாம் நாள் காய்ச்சலின்றித் திரும்பக் காட்டினார்கள்.

## மாற்ற வேண்டியவை

இரு மருத்துவமனைகளும் சேர்ந்து பேசியதில் முதலில் வந்தது பரிந்துரைச் சீட்டு. அதில் "டெங்கு" என்ற ஒற்றைச் சொல் இருந்த இடத்தில் இப்போது காய்ச்சலின் எத்தனையாவது நாள், கார்டின் மூன்று கோடுகளும் தனித்தனியாக (மங்கலா, தெளிவா), ஹெமட்டோக்ரிட் வரிசை, இதுவரை ஏறிய திரவம் மி.லி.யில் என்று நான்கு கட்டங்கள். நோயின் பெயருக்கு முன்னால் "சந்தேகம்" என்று அச்சிடப்பட்டிருக்கிறது.

திரவ ஆணைக்கு ஆறு மணி நேர ஆயுள். அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் ஹெமட்டோக்ரிட்டையும் சிறுநீர் அளவையும் பக்கத்தில் எழுதி மறுபடி கையெழுத்திட வேண்டும். செவிலியர்கள்தான் இதைக் கேட்டார்கள். பழைய ஆணையைத் தாங்களாக நிறுத்த அவர்களுக்கு இதுவரை அதிகாரம் இருந்ததில்லை.

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், டெங்குவின் போக்குக்கு ஒத்துவராவிட்டால், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை புண் கிடைக்காவிட்டாலும் டாக்சிசைக்ளின் தொடங்கலாம் என்று எழுதிவைத்தார்கள். புண் இல்லாத ஸ்க்ரப் டைஃபஸ் ஏராளம். ஆனால் தேடாமல் "இல்லை" என்று எழுதுவது கூடாது என்பதற்காக, கேஸ் ஷீட்டில் எட்டு இடங்களுக்கு எட்டுக் கட்டம் வைத்தார்கள். "தலைமுடி அவிழ்த்துப் பார்க்கப்பட்டது" என்பது அதில் எட்டாவது. மருந்து தொடங்குமுன் ரத்தமும், புண் இருந்தால் பொருக்கும் எடுத்துவைக்க வேண்டும்; முடிவு எப்போது வந்தாலும் சரி, மருந்து அதற்காகக் காத்திருக்காது.